பழைய கேஸ் பாய்லர் பற்ற மறுக்கும்போது: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

காலையில் எழுந்து வெந்நீர்க் குழாயைத் திறக்கிறீர்கள். பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. ரேடியேட்டரைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. தண்ணீரைச் சூடாக்கி வெந்நீர்க் குழாய்க்கும், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் அனுப்பியபடி இத்தனை நாள் ஒரு மூலையில் நின்று உழைத்துக்கொண்டிருந்த பாய்லர் ஓய்ந்துபோயிருக்கிறது. இருபது, முப்பது வருடப் பழைய பாய்லர் உள்ள வீட்டுக்குப் புதிதாகக் குடிபோனவருக்கு அந்த நேரத்தில் வரும் பதற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பதற்றத்தில் முதல் வேலையாக மூடியைக் கழற்றப் போகிறவர்கள் உண்டு. வேண்டாம். சரிபார்க்க வேண்டியவற்றில் நிறைய மூடிக்கு வெளியிலேயே இருக்கின்றன.

முதலில் மோந்து பாருங்கள்

எதையும் தொடுமுன் பாய்லர் பக்கத்தில் நின்று ஒரு முறை, குனிந்து தரையருகே ஒரு முறை மோந்து பாருங்கள். எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அழுகிய முட்டை போன்ற ஒரு நாற்றத்தை அதில் சேர்க்கிறார்கள். குனிந்து பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன்; காற்றைவிட லேசானது என்பதால் மேலே போகும். சிலிண்டரிலிருந்து வரும் எல்பிஜி அப்படியல்ல. அதிலுள்ள புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்தில் தேங்கி நிற்கும். பாய்லர் நிலவறையில் இருந்தால் இதை மறக்கவே கூடாது.

வாடை அடித்தால் பழுது பார்க்கும் வேலை அத்தோடு முடிந்தது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு சிறு பொறி போதும். விளக்கு சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் அதனுள் அப்படியொரு பொறி பறக்கலாம். ஆகவே எந்த சுவிட்சையும் தொடாதீர்கள்; எரிகிற விளக்கு எரியட்டும். போகிற வழியில் முடிந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, வீட்டிலுள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். மீட்டர் பக்கத்து வால்வு போகிற வழியிலேயே இருந்தால் அடைத்துவிடலாம். அவசர எண்ணுக்கு வெளியே நின்றுதான் அழைக்க வேண்டும்.

வாடையே இல்லாத இன்னொரு ஆபத்து கார்பன் மோனாக்சைடு. சரியாக எரியாத நெருப்பிலிருந்து வருவது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்து, வெளியே போனதும் தெளிந்தால் அது காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். அதற்கான அலாரம் அடித்தாலும், பாய்லர் முகப்பில் கரி படிந்திருந்தாலும், மூடியில் தீய்ந்த பழுப்புக் கறை தெரிந்தாலும் பாய்லரைப் பற்ற வைக்க முயலக் கூடாது. அணைத்துவிட்டு, வெளியே வந்து, உரிமம் பெற்ற டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் அழைப்பு ஆம்புலன்ஸுக்கு.

பாய்லர் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகிவிடும். பழைய பாய்லருக்குள் பல காவல்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அறை குளிர்ந்திருக்கிறதா என்று தெர்மோஸ்டாட் பார்க்கும். தண்ணீர் போதுமா, ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிறதா, புகை ஒழுங்காக வெளியே போகிறதா, பைலட் எனப்படும் சின்னச் சுடர் எரிகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர். எல்லோரும் 'சரி' என்றால்தான் கேஸ் வால்வு திறக்கும். ஒருவர் 'இல்லை' என்றாலும் திறக்காது. உங்கள் வேலை, இல்லை என்று சொல்வது யார் என்று கண்டுபிடிப்பது. ஏன் சொல்கிறார் என்று கேட்பது. அவரை வாயடைத்துவிட்டு வேலையை நடத்துவது அல்ல. சென்சார் கம்பிகள் இரண்டையும் சேர்த்துக் கட்டி பாய்லரை ஓட வைத்த கதைகளைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அந்த வழிக்குத் தயவுசெய்து போகாதீர்கள்.

வெளியிலிருந்து உள்ளே

முதலில், நின்றது பாய்லர்தானா? வெந்நீர் வருகிறது, ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்திருக்கிறது என்றால் கேஸை எரிக்கும் பர்னர் நன்றாகத்தான் இருக்கிறது. பம்ப், சூடான தண்ணீரைக் குழாய்க்கோ ரேடியேட்டருக்கோ திசைமாற்றும் வால்வு, தெர்மோஸ்டாட் இவற்றில்தான் கோளாறு தேட வேண்டும். இரண்டுமே இல்லை என்றால்தான் இந்தக் கட்டுரை முழுவதும் உங்களுக்கு.

தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். பேட்டரியில் ஓடுவதென்றால் பேட்டரியை மாற்றுங்கள். திரையில் எழுத்து தெரிகிறது என்பதால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அறையின் வெப்பத்தைவிட ஐந்து டிகிரி கூட்டி வையுங்கள். டைமர் இருந்தால் அதன் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று பாருங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு பழைய டைமர்கள் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். ஆறு மணி நேரம் மின்சாரம் போயிருந்தால், காலை ஆறு மணிக்கென்று நீங்கள் வைத்தது மதியத்தில்தான் ஓடும்.

அடுத்தது மின்சாரம். கேஸில்தானே எரிகிறது, மின்சாரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தீக்குச்சியால் பற்ற வைக்கிற பாய்லரில்கூட, பைலட் மின்சாரம் இல்லாமல் எரிந்தாலும், பெரிய பர்னருக்கான கேஸ் வால்வைத் திறக்கவும் பம்பைச் சுழற்றவும் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் வேண்டும். பாய்லருக்கென்று தனி சுவிட்ச் ஒன்று இருக்கும். அது பார்ப்பதற்கு விளக்கு சுவிட்ச் போலவே இருப்பதால், துடைப்பத்தை எடுக்கப் போனவர் தெரியாமல் அணைத்துவிட்டுப் போவது நடக்கிற காரியம். பிறகு ஃபியூஸ், பிரேக்கர். பிரேக்கர் டிரிப் ஆகியிருந்தால் ஒரே ஒரு முறை தூக்கிவிட்டுப் பாருங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். எங்கோ ஷார்ட் ஆகிறது.

கேஸ் வருகிறதா என்று தெரிந்துகொள்ள வேறு ஒரு கேஸ் அடுப்பைப் பற்ற வைத்துப் பார்த்தால் போதும். பாய்லருக்குப் போகும் குழாயில் உள்ள வால்வின் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. சிலிண்டர் என்றால் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். முன்பணம் கட்டும் மீட்டர் என்றால் இருப்பைப் பாருங்கள்.

தண்ணீர் அழுத்தத்தையும் இப்போதே பார்த்துவிடலாம். மூடிய சுற்றில் தண்ணீர் ஓடும் பாய்லரின் முகப்பில் ஒரு பிரஷர் கேஜ் இருக்கும். பாய்லர் குளிர்ந்திருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்பது வழக்கம். பிஎஸ்ஐ அளவில் என்றால் ஏறக்குறைய 15 முதல் 22. வீட்டின் உயரத்துக்கும் பாய்லரின் வகைக்கும் ஏற்ப இது கொஞ்சம் மாறும். கையேட்டில் போட்டிருப்பதே கடைசிச் சொல். மிகவும் இறங்கியிருந்தால் பல பாய்லர்கள் பற்றவே பற்றா. தண்ணீர் நிரப்பும் வால்வை மெல்லத் திறந்து, முள் உரிய இடத்துக்கு வந்ததும் இறுக மூடுங்கள். பாய்லர் நன்றாக ஆறிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். சூடேறிய வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். வாரத்துக்கு ஒரு முறை நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. நிரப்பிக்கொண்டே இருப்பது தீர்வல்ல. நீராவி பாய்லர் என்றால் கேஜுக்குப் பதில் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பாய்லரை அணைத்து ஆறவிட்டு, ஆளைக் கூப்பிடுங்கள்.

பைலட் சுடர்

பழைய பாய்லர் என்றால் பெரும்பாலும் கதை இங்கேதான் வந்து நிற்கும். பர்னரின் ஓரத்தில் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும் சின்னச் சுடர்தான் பைலட். முகப்பில் உள்ள சிறு கண்ணாடித் துளை வழியே, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் நன்றாகத் தெரியும். வால்வின் மேல் 'ஆஃப்', 'பைலட்', 'ஆன்' என்று மூன்று நிலை கொண்ட குமிழ் இருந்தால் உங்களுடையது இந்த வகைதான்.

சுடர் அணைந்திருந்தால் திரும்பப் பற்ற வைக்கும் முறையை மூடியின் உட்புறமோ பக்கவாட்டிலோ ஒட்டியிருப்பார்கள். அதை ஒரு முறை முழுவதும் படித்துவிட்டுத் தொடங்குங்கள். பொதுவாக அது இப்படிப் போகும். தெர்மோஸ்டாட்டைக் குறைந்த அளவில் வையுங்கள். குமிழை 'ஆஃப்' நிலைக்குத் திருப்பிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே தங்கிய கேஸ் வெளியேற வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தே ஐந்து நிமிடம் காத்திருங்கள், மனக்கணக்கில் வேண்டாம். மறுபடி தரையருகே மோந்து பாருங்கள். வாடை இல்லை என்றால் குமிழைப் 'பைலட்' நிலைக்குக் கொண்டுவந்து அழுத்திப் பிடித்தபடி, பற்ற வைக்கும் பொத்தானை அமுக்குங்கள். பொத்தான் இல்லாத மாடலில் நீளமான லைட்டர் வேண்டும். முகத்தைத் துளைக்கு நேரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சுடர் வந்ததும் கையை எடுத்துவிடாமல் 30 முதல் 60 விநாடி அழுத்தியே பிடித்திருந்து, பிறகு மெல்ல விடுங்கள். சுடர் அணையாமல் நின்று எரிந்தால் 'ஆன்' நிலைக்குத் திருப்பி, தெர்மோஸ்டாட்டைக் கூட்டுங்கள்.

குமிழைக் கையால் மட்டுமே திருப்ப வேண்டும். அசையவில்லை என்றால் பிளையர் வைத்துத் திருகாதீர்கள். உள்ளே உடைந்தால் கேஸ் அடைபடாமல் போகும். அணைந்த உடனே திரும்பப் பற்ற வைக்க விடாத பூட்டு சில வால்வுகளில் உண்டு. சற்று ஆறியதும் தானே விடுபடும்.

அழுத்திப் பிடிப்பது எதற்கு? சுடருக்குள் நுனி நீட்டியபடி பென்சிலைவிட மெல்லிய உலோகக் குச்சி ஒன்று நிற்கும். அதுதான் தெர்மோகப்பிள். இரு வேறு உலோகங்களை இணைத்து, இணைப்பைச் சூடாக்கினால் சிறிதளவு மின்சாரம் பிறக்கும் என்பதற்கான தடயத்தை 1821ல் ஜெர்மானிய விஞ்ஞானி தாமஸ் சீபெக் கண்டார். அந்த விளைவுதான் உங்கள் பாய்லரிலும் வேலை செய்கிறது. நல்ல தெர்மோகப்பிள் தருவது 20 முதல் 30 மில்லிவோல்ட்தான். ஒரு டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் அதிகம் போனால் ஐம்பதில் ஒரு பங்கு. அந்தத் துளி மின்சாரம் வால்வுக்குள் ஒரு குட்டி மின்காந்தத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. சுடர் அணைந்தால் குச்சி ஆறும், காந்தம் விடும், கேஸ் நிற்கும். வெளியிலிருந்து மின்சாரமே இல்லாமல் இயங்கும் இந்தக் காவலைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு வியப்பு வரும். குச்சி சூடேறும் வரை காந்தத்தின் வேலையை உங்கள் விரல் செய்கிறது. அதனால்தான் அந்த 30 முதல் 60 விநாடி.

இனி மூன்று விதமாக நடக்கலாம்.

சுடரே வரவில்லை என்றால், கேஸ் அடுப்பு எரிகிறபோதும், பைலட்டின் நுண்துளை அடைத்திருக்கலாம். அதைச் சுத்தம் செய்வது டெக்னீஷியன் வேலை. ஊசியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிச் சுடர் கெட்டுவிடும். பாய்லர் நெடுநாள் அணைந்து கிடந்திருந்தால் குழாயில் காற்று இருக்கும். அப்போது மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் அழுத்த வேண்டிவரும்.

சுடர் வருகிறது, கையை எடுத்ததும் போய்விடுகிறது என்பதுதான் அடிக்கடி கேட்கும் புகார். எனக்கும் ஒரு ராத்திரி இதுதான் நடந்தது. ஐந்து முறை பற்ற வைத்தேன். ஐந்து முறையும் விரலை எடுத்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம், இருட்டு. தெர்மோகப்பிள் போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். மறுநாள் வந்த டெக்னீஷியன் பற்ற வைக்கச் சொல்லிவிட்டு, தான் துளை வழியே வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். "சுடரைப் பாருங்க, சோம்பலா இருக்கு" என்றார். பார்த்தேன். நீலமாக நிமிர்ந்து குச்சியின் நுனியைச் சூழ்ந்திருக்க வேண்டிய சுடர், மஞ்சளாக மெலிந்து ஒரு பக்கம் சாய்ந்து, குச்சியை உரசியும் உரசாமலும் ஆடிக்கொண்டிருந்தது. பைலட்டின் காற்றுத் துளையில் தூசிப் பஞ்சு அடைத்திருந்தது. கேஸை அடைத்து, அதைத் துடைத்தார். தெர்மோகப்பிளின் மறுமுனை வால்வில் சேரும் இடத்தில் நட்டைத் தொட்டபோது அது விரலுக்கே சுழன்றது. முனையைத் துடைத்து, விரலால் திருகி, ஸ்பானரால் கால் சுற்று மட்டும் இறுக்கினார். சுடர் அணையாமல் நின்றது. பாகம் எதையும் மாற்றவில்லை. அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது சுடரின் நிறத்தையும் நிமிர்வையும்தான். நீங்களும் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: நீலச் சுடர், குச்சியின் மேல் நுனியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரைச் சூழ்ந்திருக்கிறதா? சூழ்ந்தும் நிற்கவில்லை என்றால்தான் தெர்மோகப்பிளோ வால்வின் காந்தமோ தேய்ந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டு, மூன்று முயற்சிக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே அந்த ஐந்து நிமிடம் உண்டு.

பைலட் நன்றாக எரிகிறது, ஆனால் பெரிய பர்னர் பற்றவில்லை என்றால் சுடரில் குற்றமில்லை. குமிழ் இன்னும் 'பைலட்' நிலையிலேயே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நானே மறந்திருக்கிறேன். பிறகு தெர்மோஸ்டாட்டைக் கூட்டிவிட்டுப் பாய்லர் பக்கத்தில் காது கொடுத்துக் கேளுங்கள். 'கிளிக்' சத்தமே இல்லை என்றால் செய்தி பாய்லருக்கு வந்து சேரவில்லை. கிளிக் கேட்டும் பற்றவில்லை என்றால் நடுவில் ஒரு காவல்காரர் தடுக்கிறார்.

பைலட் இல்லாத வகை

சற்றுப் பிந்தைய பாய்லர்களில் எந்நேரமும் எரியும் சுடர் கிடையாது. ஒவ்வொரு முறையும் மின்பொறியாலோ, சிவக்கச் சூடாகும் இக்னைட்டராலோ பற்றிக்கொள்ளும். சில முயற்சிகள் தோற்றதும் லாக்அவுட் ஆகி, அதாவது மேலும் முயலாமல் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு, சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது, திரையில் என்ன எண் வருகிறது என்பதை ரீசெட் அழுத்துவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள், அழுத்தினால் போய்விடும். ரீசெட்டை ஒரு முறை அழுத்தலாம், வேண்டுமானால் இடைவெளி விட்டு இன்னொரு முறை. அதற்கு மேல் அழுத்திக்கொண்டே இருந்தால் எரியாத கேஸ் உள்ளே சேர்ந்து, பிறகு ஒரேயடியாகப் பற்றும்.

சூடு மீறியது, புகை திரும்பியது

தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் ஓவர்ஹீட் கட்அவுட் பாய்லரை நிறுத்திவிடும். சில மாடல்களில் அதற்கு ஒரு சிறு பொத்தான் உண்டு. ஆறிய பிறகு அழுத்தினால் திரும்ப ஓடும். ஆனால் சூடு ஏன் மீறியது? பெரும்பாலும் பம்ப் சுழலவில்லை, அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கிறது. பாய்லரிலிருந்து கெட்டில் கொதிப்பது போன்ற உறுமல் கேட்டிருந்தால் உள்ளே சுண்ணாம்புப் படிவமோ கசடோ சேர்ந்திருக்கலாம். மறுபடி கட்அவுட் விழுந்தால் அதற்கு மேல் பொத்தானைத் தொடாதீர்கள்.

புகைபோக்கியில் பறவைக் கூடு அடைத்தாலும், பனி மூடினாலும், புகை அறைக்குள் திரும்பும். அதைக் கண்டுபிடிக்கும் சென்சார் உள்ள பாய்லர் நின்றுவிடும்; மிகப் பழையவற்றில் அந்த சென்சாரே இருக்காது. வெளியே போய்ப் புகைபோக்கியின் வாயைக் கீழிருந்தே பாருங்கள். அறையின் காற்றையே எடுத்து எரியும் பாய்லர் என்றால் காற்று வரும் துளையை யாராவது குளிருக்குத் துணி வைத்து அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். குளிர்காலத்தில் இதைச் செய்பவர்கள் அதிகம். உயிருக்கே உலை வைக்கிற காரியம். பலமான எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்து அறையில் ஓடினால்கூடப் புகையைக் கீழே இழுக்கும்.

பற்றிவிட்டது என்றால்

உடனே போய்ப் படுத்துவிடாமல் கால் மணி நேரம் கூடவே இருங்கள். பர்னர் மெல்லப் பற்ற வேண்டும். 'டம்' என்று அதிர்ந்து பற்றினால் கேஸ் தேங்கிய பிறகு தாமதமாகப் பற்றுகிறது என்று பொருள். அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சுடர்கள் நீலமாக இருக்கட்டும். சோம்பலான மஞ்சள் நாக்குகள் நீண்டால் அதுவும் நிறுத்த வேண்டிய அறிகுறி. பாய்லரின் மேல்பக்கம் புகை சேரும் திறந்த வாய் இருக்கும் மாடலில், ஐந்து நிமிடம் எரிந்த பிறகு ஓர் ஊதுபத்தியை அதன் விளிம்பருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். உங்கள் முகத்தை நோக்கி வந்தால் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள்.

கூப்பிடும்போது என்ன சொல்வது

கேஸ் பாகங்களில் கை வைக்க உரிமம் உள்ளவரால் மட்டுமே முடியும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. வருபவரின் உரிம அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். "பாய்லர் ஓடலை" என்று மட்டும் சொல்லாமல், மாடல் எண், பைலட் நின்று எரிகிறதா, கையை எடுத்ததும் போகிறதா, கேஜில் முள் எங்கே, எந்தக் குறியீடு வந்தது, நின்றதற்கு முன்னால் என்ன சத்தம் கேட்டது என்று சொல்லுங்கள். பழைய மாடலுக்குப் பாகம் தேட வேண்டியிருக்கும். உங்கள் விவரம் சரியாக இருந்தால் அவர் கையோடு கொண்டுவருவார். இல்லை என்றால் பார்த்துவிட்டுப் போய் இன்னொரு நாள் வருவார். சுடரை மொபைலில் பத்து விநாடி வீடியோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.

ஆள் வரும்வரை குளிருக்காக கேஸ் அடுப்பைப் பற்ற வைத்து அறையைச் சூடாக்காதீர்கள். நிலக்கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது. இரண்டிலும் கார்பன் மோனாக்சைடு வரும். மின் ஹீட்டர் இருந்தால் ஒரே அறையில் எல்லோரும் கூடி, திரைச்சீலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். வெளியே உறைபனி என்றால் வெளிச்சுவர் ஓரமாகப் போகும் குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்கலாம். குழாயைச் சொட்டுச் சொட்டாக ஓட விட்டு, சிங்க் அடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். வீட்டின் தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்று இருட்டுவதற்குள் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.